மூன்று சாண்

அஞ்செட்டியில் ஐந்தேகால் பஸ்.
தேன்கனிக்கோட்டையில் மாறி, ராயக்கோட்டையில் தூங்கி விழித்தால்
கிருஷ்ணகிரி முழுக்க மாம்பழக் கூழ் மணம்.
வருகைப் பதிவு, ஒரு பேனா, ஒரு நோட்டு, ஒரு சமோசா.
பயிற்சிக்கு முந்தைய தேர்வு: இருபது கேள்வி.

பதினேழு வருஷம் ஊசி போட்ட கை இது.
தடுப்பூசிப் பெட்டியோடு நான் ஏறி இறங்கிய மேட்டையெல்லாம்
நீட்டிப் போட்டால் சென்னை போய்த் திரும்பலாம்,
எனக்கென்ன புதுசாய்ச் சொல்லப்போகிறார்கள் என்று
பக்கத்து நாற்காலி செங்கமலத்திடம் கிசுகிசுத்தேன்.
சிரித்தோம்.

மதியத்துக்கு மேல் தரையில் ஒரு பொம்மை.
ரப்பர் இடுப்பு. தலை கிடையாது.
பீட்ரூட் சாற்றில் மைதா கரைத்து
ஐந்து இடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள்:
பஞ்சுத் துணியில், எனாமல் தட்டில், உள்பாவாடையில்,
சிமெண்டுத் தரையில், ஒரு பாயில்.
"தொடாம, பார்த்து மட்டும் சொல்லுங்க. எத்தனை மில்லி?"

முதல் ஆளாக எழுதி முடித்தேன்.
பாயில் இருந்ததற்கு ஐந்நூறு.

டாக்டர் நிவேதனா அளவு ஜாடியைத் தூக்கிக் காட்டினார்.
ஆயிரத்து இருநூறு.

முப்பத்தியோரு பேரும் குறைத்துத்தான் சொல்லியிருந்தோம்.
"கண்ணு ரத்தத்தை எப்பவும் பாதியாத்தான் பார்க்கும்,
அதனாலதான் அளக்கணும்" என்றார்.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அடுத்து, பலகையில் அறிகுறிகள்.
நாடி வேகம். கைகால் சில்லிப்பு. தாகம்.

தாகம் என்ற சொல்லுக்குக் கீழே
அவர் கோடு இழுத்தபோது
"நீரு அக்கா, நீரு" என்றாள் சிக்கமாதி.
மூன்று முறை.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் பாய் கறுப்பாகத் தெரிந்தது.
தலையைத் தாங்கிப் பிடித்து
சொம்பில் வெந்நீர் ஆற்றிக் கொடுத்தேன்.
"நர்சம்மா நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்று
விசாரணையில் அவள் மாமியார் சொன்னார்.

பதிவேட்டில் என் கையெழுத்து:
ரத்தப்போக்கு, சுமார் அரை லிட்டர்.
வண்டியை யானைக் கூட்டம் இரண்டு மணி நேரம் மறித்தது.
அது உண்மை.
இறப்புக்குக் காரணம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் யானை.
யானை மேல்முறையீடு செய்யவில்லை.
கோப்பை மூடினார்கள்.

வண்டிக்கு எத்தனை மணிக்குச் சொன்னாய் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
அரை லிட்டர்தானே, நின்றுவிடும் என்று
நான் பார்த்திருந்த நாற்பது நிமிடத்துக்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிந்தைய தேர்வில் இருபதுக்கு இருபது.
சான்றிதழில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
'ஆலோசனைகள் ஏதேனும்' என்ற கோட்டில்
சமோசா நன்றாக இருந்தது என்று எழுதினேன்.
அதன் கீழே, இந்த வகுப்பை ஒன்பது வருஷம் முன்பே
என்று தொடங்குவதற்குள்
தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரவு துணை சுகாதார நிலையம் திரும்பி
கேழ்வரகு மாவைத் தண்ணியாய்க் கரைத்தேன்.
லிட்டர் குவளையில் பிடித்துத் தரையில் ஊற்றினேன்.
கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை விரித்து அளந்தேன்.
இரண்டு சாண் பரவினால் அரை லிட்டர்.
மூன்று சாணும் ஒரு விரற்கடையும், ஒரு லிட்டர்.
துடைத்தேன். மறுபடி ஊற்றினேன்.
விளக்கை அணைத்துவிட்டும் ஒருமுறை.

காலையில் ஆஷா பணியாளர் கெம்பம்மா வந்து
"என்னக்கா, ரூமெல்லாம் எறும்பு" என்றாள்.
"உக்காரு. கையை விரி" என்றேன்.

அவள் சாண் என்னுடையதைவிடச் சின்னது.
அவளுக்குத் தனியாகக் கணக்கு போடவேண்டும்.
குவளையை எடுத்தேன்.